வீராணம் கரையில் வீரநாராயணப் பெருமாள்

சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறியதும் அம்மா வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வீராணம் ஏரி வந்தது. வந்தபின் முடியவே இல்லை. 16 கிலோமீட்டர் நீளம். இடப்பக்கம், கரைக்குக் கீழே, நடவு முடிந்த சம்பா வயல்கள். "இதையா மனுஷன் வெட்டினான்?" என்றாள்.

10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது. அவன் மகன் ராஜாதித்தன் படையோடு இங்கே தங்கியிருந்தபோது வீரர்களைக் கொண்டே வெட்டுவித்தான் என்பார்கள். பராந்தகனின் பட்டப்பெயர் வீரநாராயணன். ஏரிக்கும் அதே பெயர், காட்டுமன்னார்கோவிலில் நிற்கும் பெருமாளுக்கும் அதே பெயர்.

சந்நிதியில் கூட்டமில்லை. வைணவ ஆசாரியர் நாதமுனிகள் தினமும் கைகூப்பி நின்ற இடம் இது. யாத்ரிகர்கள் சிலர் இங்கே பாடிய, நம்மாழ்வாரின் 'ஆராவமுதே' பதிகத்தில் 'ஆயிரத்துள் இப்பத்தும்' என்று வரக் கேட்டு, மீதிப் பாசுரங்கள் எங்கே என்று தேடிப் புறப்பட்டார் அவர். ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் நமக்குத் திரும்பக் கிடைத்தது அந்தத் தேடலால்தான். அவர் பேரர் ஆளவந்தாரும் இதே ஊரில் பிறந்தவர்.

தீர்த்தம் கொடுத்த பட்டர் சுவாமி, பெரியவர்கள் சொல்லிவந்த உவமை ஒன்றைச் சொன்னார். பெருமாளின் கருணை கடல். அதை முகந்த மேகம் நம்மாழ்வார். மேகம் பொழிந்த மலை நாதமுனிகள். அருவிகளாக விழுந்தவர்கள் அவர் வழிவந்த ஆசாரியர்கள் உய்யக்கொண்டாரும் மணக்கால் நம்பியும். ஆறு ஆளவந்தார். அவர் சீடர்கள் வாய்க்கால்கள். எல்லாம் வந்து சேர்ந்த ஏரி ராமானுஜர். "வீராணத்துக்கு அந்தக் காலத்துல 74 மதகும்பாங்க. உடையவர், அதான் ராமானுஜர், வைணவத்தைப் பரப்ப நியமிச்ச சிம்மாசனாதிபதிகளும் 74 பேர். பயிர் நாமதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தத்துவம் சொல்ல வந்தவர்களுக்கு இந்த மண்ணின் பாசனமே வழியாக இருந்திருக்கிறது. மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் கல்லணை தாண்டி, கொள்ளிடத்தில் இறங்கி, 1836-இல் கட்டிய கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. 2004 முதல் சென்னைக்கும் குழாயில் போகிறது. ஆனாலும் இது முதலில் உழவருக்காக வெட்டிய ஏரி.

திரும்பும்போது ஒரு மதகருகே இறங்கினோம். வரப்பில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர், "பாத்து இறங்குங்கம்மா, வழுக்கும்" என்றார். அம்மா வாய்க்கால் நீரை உள்ளங்கையில் ஏந்தினாள். தீர்த்தம் வாங்கிய அதே கை. கண்ணை மூடி, தலையில் தெளித்துக்கொண்டாள்.