எந்த ஆண்டு, பிள்ளை?

உயர்தர வகுப்பில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த ரீச்சர் விடைத்தாள்களில் சிவப்பு மையால் அடிக்கடி எழுதும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த ஆண்டு?" அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில், "குடியரசுக் கட்சி அடிமைமுறையை எதிர்த்தது, ஜனநாயகக் கட்சி ஆதரித்தது" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அதன் கீழும் அதே கேள்வி. புள்ளியும் குறைந்திருந்தது.

கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். "கட்சியை ஒரு ஆள் மாதிரி நினைச்சு எழுதியிருக்கிறீர், பிள்ளை. உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் மாறிக்கொண்டே இருப்பினம்" என்றவர், 1854இல் இருந்து சொல்லத் தொடங்கினார்.

அந்த ஆண்டு இலினோய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், ஜனநாயகக் கட்சிக்காரர், கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்தார். அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த இரண்டு புதிய பிரதேசங்களிலும் குடியேறுகிறவர்களே தீர்மானிக்கட்டும் என்றது அது. அந்தச் சர்ச்சையில், அன்று ஜனநாயகக் கட்சிக்குப் போட்டியாக இருந்த விக் கட்சி உடைந்து நொறுங்கியது. அதில் இருந்தவர்களும் மனம் கசந்த ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து குடியரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். ஆனால் அடிமைமுறை புதிய பிரதேசங்களுக்குப் பரவக்கூடாது என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. தென் மாநிலங்களில் ஏற்கெனவே இருந்ததில் கைவைக்க மாட்டோம் என்றே 1860 தேர்தலிலும் சொன்னார்கள். அந்தத் தேர்தலில் அவர்களுடைய வேட்பாளரான லிங்கனைத் தலையில் தூக்கி வைத்திருந்த எனக்கு அன்று பெரிய ஏமாற்றம்.

பல வருடங்களுக்குப் பிறகு, இலினோயில் குடியேறிய நான் ஆல்ட்டன் என்ற ஆற்றங்கரை ஊருக்குப் போனேன். 1858 ஒக்டோபர் 15இல், இலினோயின் செனட் பதவிக்குப் போட்டியிட்ட லிங்கனும் டக்ளசும் தங்கள் ஏழாவது, கடைசி விவாதத்தை நடத்திய இடம். இருவருக்கும் அங்கே சிலை உண்டு. மிசிசிப்பிக்கு அக்கரையில் மிசூரி, அன்று அடிமைமுறை இருந்த மாநிலம். இக்கரையில் அது இல்லை; ஆனாலும் அடிமைமுறைக்கு எதிராகப் பத்திரிகை அச்சடித்த எலைஜா லவ்ஜோயை 1837இல் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது இதே ஊரில்தான். இப்படிப்பட்ட மாநிலத்தில்தான் லிங்கன் வாக்குக் கேட்டார். வெள்ளையரும் கறுப்பரும் சமம் என்று நான் சொல்லவில்லை என்று செப்டெம்பரில் இதே மாநிலத்துச் சார்ள்ஸ்டனில் பேசியவர், ஆல்ட்டனில் இது சரிக்கும் பிழைக்கும் இடையிலான போராட்டம் என்றார். இரண்டும் ஒரே வாயில் இருந்து வந்தவை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

1865இல், அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 119க்கு 56 என்று நிறைவேறியது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1877இல், ஜனாதிபதிப் பதவி கிடைத்த குடியரசுக் கட்சி போருக்குப் பிறகு தெற்கில் நின்ற மத்திய அரசின் படையை விலக்கி, அங்கிருந்த கறுப்பின மக்களைக் கைவிட்டது. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

1964இல், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி ஜோன்சன் ஜனநாயகக் கட்சிக்காரர். செனட்டில் எதிர்த்து வாக்களித்த 27 பேரில் 21 பேரும் அவருடைய கட்சிதான். மற்ற ஆறு பேரில் ஒருவர் அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் கோல்ட்வோட்டர். எதிர்த்த ஜனநாயகக் கட்சியினரில் ஒருவரான தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ரொம் தர்மண்ட் சில மாதங்களிலேயே குடியரசுக் கட்சிக்குப் போனார். தெற்கின் வெள்ளை வாக்காளர்களும் மெல்ல மெல்ல அதே வழியில் போனார்கள்.

கடைசியாக ஊருக்குப் போனபோது ரீச்சரிடம் ஆல்ட்டன் படங்களைக் காட்டினேன். சிலைகளைத் தாண்டி, பின்னால் தெரிந்த ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அகலமோ பிள்ளை? இரவிலை நீந்திக் கடக்கேலுமோ?"

"அக்கரை தெரியும், ரீச்சர். ஆனா இழுவை கூட."

படத்தைத் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டார்.