சாத்திரியார் சொன்ன தூரம்

நோர்வேக்காரர் தூரத்தை "மில்" கணக்கில்தான் சொல்வார்கள். வந்த புதிதில் எனக்கு அது மைல் என்றே காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் அம்மா இன்றைக்கும் மைலைக் கட்டை என்றுதான் சொல்வா. அதனால், எதிர்வீட்டு மனுசி தங்களுடைய மலைக்குடில் "வெறும் பதினைந்து மில்" என்று சொன்னபோது, பதினைந்து கட்டைதானே, கொக்குவிலில் இருந்து கொடிகாமம் போகிற தூரம் என்று தலையாட்டிவிட்டேன். நோர்வே மில் ஒன்று 10 கிலோமீற்றர் என்பதை இரவு இவர் சொல்லித்தான் அறிந்தேன். அந்த மனுசி "வெறும்" என்று சொன்னது 150 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியாவையும் தாண்டிவிடலாம்.

நான் 2021 இல் கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்தவள். குரூருட் பள்ளத்தாக்கில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. யாழ்ப்பாணத்தில் எடுத்த லைசென்ஸ் இங்கே மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது. முதலில் இருந்து எல்லாம் படித்தேன். எண்ணெய்த்தண்ணீர் பூசிய திடலில் காரை வேண்டுமென்றே வழுக்கவிட்டு நிறுத்தப் பழக்குகிற கட்டாய வகுப்பும் அதில் அடங்கும். அந்தக் கதையை எழுதத் தொடங்கினால் இது முடியாது.

லைசென்ஸ் கிடைத்த அடுத்த மாதமே, 2022 ஒக்டோபரில், பாவித்த மின்சாரக் கார் ஒன்று வாங்கினோம். இந்த நாட்டில் மின்சாரக் கார் வாங்குவது பெரிய சூழலியல் முடிவு ஒன்றுமில்லை. 2001 இல் இருந்து அவற்றுக்கு 25 வீத வற் வரி இல்லாமல் விட்டு வைத்திருந்தார்கள். 2023 இல்தான் ஐந்து லட்சம் குரோணருக்கு மேற்பட்ட பகுதிக்கு வரி வந்தது. 2024 இல் விற்ற புதுக் கார்களில் 88.9 வீதம் முழு மின்சாரம். பெற்றோல் கார் வாங்கினால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

எங்கள் காரின் பெயர் வேண்டாம். பற்றரி கொள்ளுகிற மின்சாரம் 64 கிலோவாற் மணி. விளம்பரத் தாளில் 450 கிலோமீற்றர் என்று இருந்தது. விற்றவர் அந்த எண்ணைச் சொன்னபோது கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு ஜனவரியில்தான் புரிந்தது.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லம் வீட்டில் இருந்து 4 கிலோமீற்றர். விடியக் காலை போய், பின்னேரம் வருவேன். நவம்பர் கடைசியில் பார்த்தால், ஒரு கிழமையில் 40 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறேன், ஆனால் பற்றரியில் கிட்டத்தட்ட கால்வாசியைக் காணவில்லை. யாரோ இரவில் உறிஞ்சுகிறார்கள் என்றே நினைத்தேன். இவர் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். ஒரு மில்லுக்கு 3.8 கிலோவாற் மணி. விளம்பரக் கணக்குப்படி 1.4 வர வேண்டும்.

காரணம் ஓட்டமே இல்லை, சூடு. ஒவ்வொரு தடவையும் உறைந்து கிடக்கிற காரை, கண்ணாடியை, இருக்கையை, பற்றரியை அடியில் இருந்து சூடேற்ற வேண்டும். அது சூடாகி முடிகிறபோது நான் இல்லத்து வாசலில் நிற்பேன். பின்னேரம் மறுபடியும் முதலில் இருந்து. தோசைக்கல்லைச் சூடாக்கி ஒரேயொரு தோசை சுட்டுவிட்டு அடுப்பை அணைப்பது போன்ற வேலை. நூறு கிலோமீற்றர் ஒரே மூச்சில் ஓடினால் அந்தச் செலவு நூறுக்கும் பிரிந்துவிடும். நாலு கிலோமீற்றருக்கு எல்லாமே நாலின் தலையில்.

பெற்றோல் காருக்கு இந்தக் கவலை இல்லை. அது எரிக்கிற எண்ணெயில் பெரும்பங்கு வெறும் சூடாகத்தான் போகிறது. அந்த வீணான சூட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் ஹீற்றர். மின்மோட்டோர் அப்படி வீணாக்குவது மிகக் குறைவு. சிக்கனக்காரன் வீட்டில் மிச்சச் சோறு இருக்காது என்பது போல, சூடு வேண்டுமென்றால் பற்றரியில் இருந்துதான் புதிதாக எடுக்க வேண்டும்.

அந்த 450 எங்கே இருந்து வந்தது என்று தேடினேன். டபிள்யூ.எல்.ரி.பி. என்கிற ஒரு பரிசோதனை. ஐரோப்பாவில் 2017 இல் வந்தது, அதற்கு முன் இருந்தது இதைவிடப் பெரிய கனவு. காரை ஆய்வுகூடத்தில் உருளைகளின் மேல் ஏற்றி, 23 பாகை வெப்பத்தில், அரை மணி நேர ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரு சுற்று 23 கிலோமீற்றருக்குச் சற்று மேல். சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீற்றர்தான். ஹீற்றரும் போடுவதில்லை, ஏசியும் போடுவதில்லை. 23 பாகையில் ஹீற்றர் எதற்கு? ஆக அந்த எண் பொய் இல்லை. அது ஒரு நல்ல யூலைப் பின்னேரத்தின் எண். நான் அதை ஜனவரியில் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

இங்கே நாஃப் என்ற வாகன ஓட்டுநர் சங்கம் 2020 இல் இருந்து மாரி காலத்தில் கார்களை உண்மையான வீதியில், பற்றரி தீரும்வரை ஓட்டிப் பார்க்கிறது. முதல் வருடம் 20 கார்கள். சராசரியாக 18.5 வீதம் தூரம் குறைந்தது. சராசரி என்பதில் ஒரு கள்ளம் இருக்கிறது. அந்த வருடம் 449 சொன்ன ஹியுண்டாய் கோனா 405 ஓடியது, 423 சொன்ன ஒப்பெல் அம்பேரா-ஈ 297 இல் நின்றுவிட்டது. 2024 இல் 629 சொன்ன ரெஸ்லா மொடல் 3 ஓடியது 441. எனவே "குளிரில் இத்தனை வீதம் கழியுங்கோ" என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் நான் இப்போது நம்புவதில்லை.

திரையில் "இன்னும் இத்தனை கிலோமீற்றர்" என்று காட்டுகிற எண்ணுக்கு இவர் சாத்திரியார் என்று பெயர் வைத்திருக்கிறார். அது கடைசியாக நீங்கள் எப்படி ஓடினீர்கள் என்பதைப் பார்த்துத்தான் எதிர்காலம் சொல்லும். பழையதைச் சரியாகச் சொல்லி நம்பிக்கையை வாங்கிக்கொண்டு, வரப்போவதில் கோட்டைவிடுகிற அதே தொழில்.

பெப்ரவரியில் துரொண்ட்ஹெய்மில் இவருடைய மச்சாளின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. ஈ6 நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 500 கிலோமீற்றர். காரின் பின்பக்கம் முழுக்கப் பலகாரம்: பயற்றம் பணியாரம், முறுக்கு, சீனி அரியதரம். பெரிய மாமாவும் எங்களோடு வந்தார். இவருடைய பெரியப்பா. 1986 இல் நாட்டார் உயர்கல்லூரிக்கு என்று நோர்வே வந்து, பிறகு வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் நின்றவர். ஏறும்போதே, "பிள்ளை, உது துரொண்ட்ஹெய்ம் மட்டும் போகுமோ?" என்றார்.

திட்டம் என்னுடையது. டொம்பொஸ் வரை 335 கிலோமீற்றர். விளம்பரம் 450, குளிருக்குக் கொஞ்சம் கழித்தாலும் 350 வரும், அங்கே ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் போதும். கீழ்த்தளத் தரிப்பிடத்தில் முழுப் பற்றரியோடு நின்றபோது சாத்திரியாரும் 340 என்றுதான் சொன்னார். வெளியே கழித்தல் 6 பாகை.

ஹாமார் தாண்டும்போது 125 கிலோமீற்றர் ஓடியிருந்தோம். பற்றரி 51 வீதம். நான் ஒன்றும் பேசவில்லை. இவரும் பேசவில்லை. பெரிய மாமாதான், "இஞ்ச ஹீற்றரைக் குறைச்சால் என்ன?" என்றார். குறைத்தோம். கண்ணாடியில் பனிப்புகார் படியத் தொடங்கியது, மறுபடி கூட்டினோம். வீதியில் 110 போகலாம், நாங்கள் 90 இல் லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனோம். அதில் உண்மையிலேயே பலன் இருந்தது. குளிர்காற்று அடர்த்தி கூடியது. கழித்தல் 20 இல் காற்று, கூட்டல் 20 இல் இருக்கிறதைவிட ஆறில் ஒரு பங்கு பாரமானது. வேகம் கூடக் கூட அதைத் தள்ளுகிற செலவு துள்ளி ஏறும். ஆணி பதித்த மாரி ரயர், வீதியில் ஈரப்பனி, எல்லாம் சேர்ந்து ஒரு மில்லுக்கு 2.5. 64 ஐ 2.5 ஆல் பிரித்துப் பாருங்கள். 25.6 மில், அதாவது 256 கிலோமீற்றர்.

லில்லஹம்மரில் 28 வீதத்தோடு இறங்கினோம். அங்கே அடுத்த பாடம். எங்கள் கார் நூறு கிலோவாற் வேகத்தில் சார்ஜ் எடுக்கும் என்பதும் தாளில் இருந்த எண்தான். குளிர்ந்த பற்றரி அவ்வளவு வேகத்தில் வாங்காது, வாங்கினால் அதற்குக் கேடு. திரையில் 36, 38, பிறகு மெல்ல மெல்ல 45. கொஞ்சம் புதிய கார்கள் சார்ஜ் நிலையத்துக்கு வழி போட்டவுடனேயே பற்றரியைச் சூடாக்கத் தொடங்கிவிடும். எங்களுடையதற்கு அந்த வித்தை தெரியாது. 80 வீதம் வர ஐம்பது நிமிடம்.

டொம்பொஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது கழித்தல் 21. எங்களுக்கு முன்னால் ஏழு கார் வரிசை. பெரிய மாமா இறங்கி, கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, வரிசையில் நின்ற நோர்வேக்காரர்களோடு கதைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பின்கதவைத் திறந்தார். சடங்குப் பலகாரத்தில் இருந்து ஒரு பெட்டி போய்விட்டது. முறுக்கைக் கடித்த கிழவர் ஒருவர் யன்னலில் தட்டி, எங்களுக்கு முன் ஆள் 95 வீதத்துக்கு ஏற்றிக்கொண்டு நிற்கிறார், 80 க்கு மேல் மிக மெதுவாகத்தான் ஏறும், போய்ச் சொல்லுங்கோ என்றார். அவரே சொல்லலாம். நோர்வேக்காரர் முகம் முறிக்க மாட்டார்கள், எங்களைத்தான் அனுப்புவார்கள். பெரிய மாமா போனார், இன்னொரு முறுக்கோடு.

அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் அவர் பின்மார்க் கதை சொன்னார். அங்கே பெற்றோல் காருக்கும் இரவில் வயர் கொழுவித்தான் வைப்பார்களாம். என்ஜினைச் சூடாக வைத்திருக்க. "அப்பவும் வயர்தான், இப்பவும் வயர்தான். நாங்கள் அதை விளம்பரத்திலை பாத்து வாங்கேல்லை, பக்கத்து வீட்டான் என்ன செய்யிறான் எண்டு பாத்துச் செய்தம்."

அங்கிருந்து ஈ6 டொவ்ரஃபியல் மலையில் 1026 மீற்றர் உயரத்துக்கு ஏறும். ஏற்றத்தில் பற்றரி கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது. ஒப்டால் பக்கம் இறங்கும்போது, கொடுத்ததில் கொஞ்சத்தை மோட்டோர் திருப்பித் தந்தது. சடங்குக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து முடிந்து, சாப்பாட்டுப் பந்தியும் இரண்டாம் சுற்று. மச்சாள் பலகாரப் பெட்டிகளை எண்ணிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

திரும்பி வந்து ஒரு கொப்பி போட்டேன். திகதி, வெப்பம், எவ்வளவு ஓட்டம், மில்லுக்கு எவ்வளவு. வேறு ஒன்றும் இல்லை. கார் வயரில் இருக்கும்போதே, புறப்பட இருபது நிமிடத்துக்கு முன் சூடாக்கினால் 4 கிலோமீற்றர் ஓட்டம் 3.8 இல் இருந்து 2.4 க்கு வந்தது. உள்காற்றைக் குறைத்து இருக்கைச் சூட்டையும் ஸ்ரியரிங் சூட்டையும் போட்டால் இன்னும் கொஞ்சம். மே மாதம் 1.6. யூலையில் 80 வேகக் கிராமத்து வீதியில் ஒரு நாள் 1.37. அதாவது 467 கிலோமீற்றர், விளம்பரத்தைவிடக் கூட! அந்தப் பக்கத்தைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்ப நினைத்தேன், இவர் விடவில்லை.

கொழும்பில் என்னோடு படித்தவள் ஒருத்தி 24 கிலோவாற் மணி நிசான் லீஃப் வைத்திருக்கிறாள். 2015 வாக்கில் வரி குறைந்தபோது இலங்கைக்கு நிறைய வந்தவை. அவளுக்குக் குளிர்ப் பிரச்சினை இல்லை. ஆனால் திரையில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டுகிற 12 கோடுகளில் 7 தான் மிச்சம். அந்தக் காரில் பற்றரியைக் குளிர்விக்கிற ஏற்பாடு கிடையாது, கொழும்புச் சூட்டில் வருடா வருடம் கோடு போகிறது. என்னுடைய கிலோமீற்றர்கள் மேயில் திரும்பி வரும். அவளுடையவை வராது. இதை அவளுக்குச் சொன்னபோது, "உனக்கென்ன, நீ பனிக்குள்ளை இருக்கிறாய்" என்று பொறாமைப்பட்டாள். பனிக்குள் இருப்பதற்காக என்னிடம் யாரும் பொறாமைப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

போன மாதம் பெரிய மாமா தன் பழைய டீசலை விற்றுவிட்டார். கார்க்கடைகளில் இருந்து வண்ண வண்ணத் தாள்களோடு வந்து மேசையில் பரப்பினார். 520, 570, 610. ஒவ்வொன்றையும் கண்ணாடியைக் கழற்றி, கிட்ட வைத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உந்தக் கொப்பியை ஒருக்கால் கொண்டா. ஜனவரிப் பக்கம் மட்டும் காணும்."