வால்வும் மெல்லிய படலமும்

நேற்று இரவு நண்பர் வீட்டில் குவாட் நிறுவனத்தின் பழைய இஎஸ்எல் (எலக்ட்ரோஸ்டேடிக்) ஸ்பீக்கர்களை, அதே நிறுவனத்தின் குவாட் II வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரோடு கேட்டேன். ஒரு பெண்குரல் அறைக்குள் வந்து நின்றது. இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் உருவாக்கி 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பீக்கர் இது. கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. துளையிட்ட தகடுகளுக்கு நடுவே, ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். அது அசைவதுதான் நாம் கேட்கும் இசை.

ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை இது ஒரு பெரிய கெபாசிட்டர், அதாவது மின்தேக்கி. அதிர்வெண் ஏற ஏற மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) இறங்கும். பெயரளவில் 16 ஓம் என்பார்கள்; மிக உயர்ந்த அதிர்வெண்களில் 2 ஓம் பக்கம் வந்துவிடும். வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகமாக இருந்தால் மேல் சுரங்கள் கொஞ்சம் மங்கும். உண்மைதான். ஆனாலும் எனக்கு வால்வுதான் பிடிக்கிறது. இரண்டு கேடி66 வால்வுகள் தருவது 15 வாட். இந்தப் படலத்துக்கு அது போதும், ஆபத்தும் குறைவு. சக்தி மிகுந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் தவறிப்போய் ஒலியைக் கூட்டினால் உள்ளே பொறி பறந்து, படலமும் தகடுகளும் சேர்ந்த பேனல் போய்விடும்.

பாஸ் (கீழ் சுரங்கள்) குறைவு, சரி. ஆனால் வயலின் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் நொடி!

எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள், உங்கள் வால்வு ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் டேப் (ஸ்பீக்கர் மாட்டும் முனை) இருந்தால் அதில் மாட்டியும் கேளுங்கள். மேல் சுரங்கள் தெளிவது பல நேரம் அங்கேதான். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.