எட்டு லிட்டர் பதநீர், ஒரு கிலோ கருப்பட்டி, 700 ரூபாய் ஆட்டோ

முதலில் அந்த 700 ரூபாயைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். இல்லையென்றால் மற்றதை நிதானமாக எழுத வராது. திருச்செந்தூரிலிருந்து தேரிக்குடியிருப்புப் பக்கம் போகும் நகரப் பேருந்தை ஐந்து நிமிடத்தில் தவறவிட்டேன். அடுத்த பேருந்து எப்போது என்று விசாரித்தால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். வெயில் ஏறுமுன் போய்ச் சேராவிட்டால் பதநீர் இறக்குவதைப் பார்க்க முடியாது என்பதால், ஓரமாக நின்ற ஆட்டோவில் ஏறிவிட்டேன். ஏறும்போது "பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்ற ஓட்டுநர், இறங்கும்போது 700 ரூபாய் கேட்டார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு! "பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லும் ஆட்டோவில் ஏறக்கூடாது என்பது இருபது வருடமாக எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஏறினேன். இரண்டு நாளுக்குத் தங்குவதற்கும் தின்பதற்கும் சேர்த்து நான் ஒதுக்கியிருந்த தொகையே 2,500 ரூபாய் என்பதால், அன்றைய காலைச் சாப்பாடு அந்த இடத்திலேயே ரத்தானது.

இந்தப் பயணத்துக்கு விதை நாசிக்கில் விழுந்தது. சென்ற ஆண்டு அங்கே நண்பர் ஒருவர் சிறிய ஒயின் பண்ணை ஒன்றுக்கு அழைத்துப் போனார். ஐந்து மிடறு ஒயினைச் சுவை பார்க்க 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதோடு 'தெர்வார்' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். மண், சரிவு, காற்று, மழை, பயிர் செய்பவரின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு நிலத்துக்குக் கொடுக்கும் குணம்தான் அது. பிரான்சின் பர்கண்டியில் அடுத்தடுத்த துண்டு நிலங்களுக்குக்கூடத் தனித்தனிப் பெயர் உண்டு. அந்தத் துண்டுகளை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இரண்டு ஹெக்டேர்கூட இல்லாத ரொமானே கொந்தி என்ற தோட்டத்தின் ஒரு பாட்டில் ஒயின் லட்சக்கணக்கில் விலை போகிறது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது. வீட்டு வாசலில் கருப்பட்டிக்காரர் கூடையை இறக்கியதும், "தேரிச் சரக்கா, கடக்கரைச் சரக்கா?" என்று கேட்டு (தேரி என்பது எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு), ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்த பிறகே அவள் விலை பேசுவாள். அந்தக் கேள்வியில் தெர்வார் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நாசிக் வரை போய், 500 ரூபாய் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும், தேரிக்காடு எங்கள் பேச்சில் இன்றும் நெல்லைச் சீமைதான். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது தமிழ்நாட்டு நிலமாகவே தோன்றாது. மணலில் படிந்த இரும்புத் துரு அதற்குச் செங்கல் பொடியின் நிறத்தைக் கொடுக்கிறது. நான் போனது வைகாசி. காற்று தொடங்கிவிட்டதால், நடக்க நடக்கப் பின்னால் கால்தடம் அழிந்துகொண்டே வந்தது. பெய்கிற மழையை இந்த மணல் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலே ஒரு சொட்டும் நிற்காது. இந்த மண்ணை ஊர்க்காரர்கள் கும்பிடவும் செய்கிறார்கள்: கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர்வெட்டுத் திருவிழாவில் பக்தர்கள் தேரி மணலை முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எந்த ஒயின்காரரும் தன் மண்ணுக்கு இவ்வளவு மரியாதை செய்து நான் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பனையேறி அண்ணாச்சி பாதி மரங்களை முடித்திருந்தார். இடுப்பில் அருவாள் பெட்டி, காலில் தளைநார், மரத்தில் சாய்க்க முருக்குத்தடி. மேலே போய்க் கலயத்தை எடுத்து, பாளையின் நுனியை வெற்றிலை கனத்துக்கு ஒரு சீவு சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாட்டிவிட்டு இறங்க அவருக்கு நாலைந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாலையில் இதே மரங்களில் மறுபடியும் ஏற வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், பருவம் முடியும் வரை நல்லது கெட்டதுக்குக்கூட வெளியூர் போக முடியாது என்றார். கீழே இறங்கியதும் குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்து, என் கையில் கொடுத்துப் பதநீரை ஊற்றினார். ஓலையின் பச்சை வாசனை, லேசான சுண்ணாம்பு நெடி, அதற்குப் பின்னால் மெதுவாக வரும் இனிப்பு. மூன்று பட்டை குடித்தேன். ரத்தான காலைச் சாப்பாட்டுக் கணக்கு அங்கே நேராயிற்று. காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்தச் சுண்ணாம்பில்தான் விஷயம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கலயத்திலேயே சாறு புளிக்கத் தொடங்கிச் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். திராட்சைச் சாறு ஒயினாவதும் இதே நொதிப்பினால்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், தேரியின் ஒயினைக் குடித்துப் பார்த்து எழுதும் வாய்ப்பு எனக்குச் சட்டப்படி இல்லை. நாசிக்கில் பெருமையாகக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவதை இங்கே ஒருவர் செய்தால் வழக்கு. இது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எழுதிவிட்டு மேலே போகிறேன்.

பனங்காட்டின் நடுவே ஓலை வேய்ந்த விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், அவருடைய மனைவி பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். உள்ளே நின்ற பத்தாவது நிமிடத்தில் என் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அந்த அக்கா காலை ஆறு மணியிலிருந்து அங்கேயே நிற்கிறார். அகன்ற பாத்திரத்தில் பதநீர் பொங்கி விளிம்புக்கு ஏறும்போதெல்லாம் நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவார். அதட்டியதுபோல நுரை அடங்கிவிடும். எட்டு லிட்டர் வற்றினால் ஒரு கிலோ நிற்கும் என்றார். கெட்டிப் பாகாகும் கூப்பனிப் பதம் வந்ததும் எரியும் மட்டைகளை வெளியே இழுத்துவிட்டு, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டை நிற்கவில்லை. மறுபடி ஒரே ஒரு மட்டையைத் தள்ளி, துடுப்பால் கிண்டி, மறுபடியும் ஒரு துளி. மூன்றாவது முறை உருண்டை நின்றது. உடனே இறக்கி, வரிசையாகக் கவிழ்த்து நனைத்து வைத்திருந்த சிரட்டைகளை நிமிர்த்தி ஊற்றினார். அந்த மூன்று துளிகளுக்கு நடுவே அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேள்வி கேட்கும் துணிவை இழந்திருந்தேன்.

ஊற்றி முடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "மேட்டு மணல்ல நிக்கிற பனைக்குப் பயினி (பதநீர்) கொறச்சல், ஆனா இனிப்பு நிக்கும். பள்ளத்துப் பனை நெறைய ஊறும், தண்ணியா இருக்கும். கடக்கரைப் பக்கம் போனா நாக்குல ஒரு உப்பு தட்டும், தம்பி" என்றார். சுண்ணாம்பு கூடினால் கருப்பட்டி கறுத்துக் காரலடிக்கும், குறைந்தால் பதநீர் புளித்துப் பாகு இறுகாமல் இளகும் என்பதையும் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஊற்றியதில் ஒன்றை உடைத்து உள்பக்கத்தைக் காட்டினார். மங்கலான பழுப்பு. சீனி கலந்ததாக இருந்தால் அந்த இடம் மினுமினுக்குமாம்.

மேட்டுப் பனைச் சரக்கைத் தனியாக விற்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "சிப்பத்துல போட்டா எல்லாம் ஒண்ணுதான?" உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்கு மகிழ்ச்சியே, ஆனால் விடிலிக்கு விடிலி வேறுபடும் ஒரு சுவையை மண்டியில் ஒரே குவியலாகக் கொட்டி, அதன்மேல் ஒரே பெயரை ஒட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. குவியலுக்குள் சீனிக் கருப்பட்டி புகுந்துகொள்வதற்கும் அதுவே வாசல். எந்தக் காடு, எந்த மாதம், காய்ச்சியவர் யார் என்று ஒரு ஓலைத் துண்டில் எழுதிக் கட்டினால் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்க நான் தயார். 700 ரூபாயை ஆட்டோவுக்குக் கொடுத்தவன் சொல்கிறேன்.

கிலோ 450 ரூபாய் வீதம் அங்கே ஒரு கிலோ வாங்கினேன். அண்ணாச்சி வழி சொன்னதால், திரும்பும்போது கடலோரத்து விடிலி ஒன்றிலும் அரைக் கிலோ வாங்க முடிந்தது. இரண்டையும் தனித்தனி ஓலைக் கொட்டானில் போட்டு, பேனாவால் அடையாளம் வைத்தேன். திருநெல்வேலி திரும்பிய பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்: ஜன்னல் மூடவில்லை, இருக்கை சாய்ந்தே இருந்தது, சில்லறை பாக்கி இன்னும் வரவேண்டியிருக்கிறது. மடியில் வைத்திருந்த கொட்டான்களில் பேனா எழுத்து வியர்வையில் அழிந்துபோனது.

வீட்டில் இரண்டையும் தனித்தனியாகத் தட்டிப் போட்டுக் காப்பி வைத்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: காப்பியில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வெறும் துண்டாகக் கடித்தபோது, ஒன்று நாக்கில் கரைந்து முடியும் நேரத்தில் மெலிதாக ஒரு உப்பு எட்டிப் பார்த்தது. அதுதான் கடலோரத்துச் சரக்கு என்று நான் சொன்னேன். அம்மா இரண்டையும் கிள்ளிப் பார்த்துவிட்டு, உப்புத் தட்டியதை உளுந்தங்களிக்கு என்று எடுத்து வைத்தாள். மற்றதைத் தன் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால், என் கைக்கு எட்டாத இடத்தில்.