ஆர்கேடு பெட்டிக்கு எந்தத் திரை? வேலை நாட்குறிப்பு

ஜூன் 1, 2024, சனி

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி (ஆர்கேடு) போல ஒன்றைச் செய்கிறேன்; உள்ளே ஆட்டத்தை ஓட்டப்போவது கம்ப்யூட்டர். பிளைவுட்டில் ரம்பம் வைப்பதற்கு முன்பே திரையை முடிவு செய்துவிட வேண்டும். பெட்டியைச் செய்துவிட்டுத் திரை தேடப் போனால், ஐந்து எம்எம் இடிக்கிறது என்பதற்காகப் பக்கப் பலகை இரண்டையும் மறுபடி அறுக்க வேண்டிவரும்.

அதற்கும் முன்னால், என்னென்ன ஆட்டங்கள் என்பது தெரிய வேண்டும். பட்டியலில் முதலில் நிற்பவை பேக்மேன் (1980), கேலகா (1981), டாங்கி காங் (1981). மூன்றுமே நெட்டுவாக்கு ஆட்டங்கள், அதாவது படத்தின் அகலத்தைவிட உயரம் அதிகம். அந்தக் காலப் பெட்டிகளில் பிக்சர் டியூபையே பக்கவாட்டில் திருப்பி மாட்டியிருப்பார்கள். பேக்மேனும் கேலகாவும் 224 புள்ளி (பிக்சல்) அகலம், 288 உயரம். டாங்கி காங் 224க்கு 256.

படுக்கைவாக்கில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991), மோர்டல் காம்பாட் (1992). ஸ்ட்ரீட் ஃபைட்டரின் அளவு 384க்கு 224. வகுத்தால் 1.71 வருகிறது, அகலத்திரைக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றும். அப்படி விரித்தால் அதில் சண்டையிடும் ரியூவும் கென்னும் குண்டாகிவிடுவார்கள். ஆட்டம் 4:3 டியூபுக்கு (அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு) வரையப்பட்டது; அதன் புள்ளிகள் சதுரமல்ல, ஒல்லியானவை. ஆகவே எந்தத் திரை வாங்கினாலும் படம் 4:3, நெட்டுவாக்கில் ஏறக்குறைய 3:4. மீதி இடம் கறுப்பு.

ஜூன் 2, ஞாயிறு

கடையில் சொல்லும் இன்ச் மூலைக்கு மூலை அளவு. அதை வைத்து இங்கே ஒன்றும் தெரியாது. டேப் பிடித்துப் பார்க்க வேண்டியது ஒளிரும் பரப்பின் உயரத்தை.

24 இன்ச் அகலத்திரையின் உயரம் 11.8 இன்ச்தான். அதில் படுக்கை ஆட்டம் 19.6 இன்ச் படமாக வரும். நெட்டு ஆட்டம் 14.7க்குச் சுருங்கிவிடும். பழைய 19 இன்ச் 5:4 ஆபீஸ் மானிட்டரின் உயரம் 11.9. அதில் படுக்கை 18.5, நெட்டு 14.8. அதாவது பேக்மேனுக்கு 24 இன்ச்சும் பழைய 19 இன்ச்சும் ஒன்றுதான்! அசல் பேக்மேன் பெட்டியில் இருந்தது 19 இன்ச் டியூப். அதோடு ஒப்பிட்டால் இரண்டுமே சின்னது.

அசல் அளவு வேண்டுமானால் இரண்டு வழி. 32 இன்ச்சைப் படுக்கையாகவே வைத்தால் நெட்டு ஆட்டம் 19.6 இன்ச் கிடைக்கும். ஆனால் ஒளிரும் பரப்பே 708 எம்எம் அகலம்; பெட்டி பீரோ மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, 27 இன்ச்சை நெட்டுவாக்கில் நிறுத்துவது. அகலம் 13.2 இன்ச், நெட்டு ஆட்டம் 22 இன்ச் வரை போகும். படுக்கை ஆட்டம் 16.5 இன்ச். சண்டை ஆட்டத்துக்கு அது கொஞ்சம் சிறிதுதான், ஆனால் பட்டியலில் நெட்டு ஆட்டமே அதிகம் என்பதால் இந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது.

ஜூன் 8, சனி

இன்று புள்ளிக் கணக்கு. பழைய ஆட்டத்தின் ஒரு புள்ளி, புதிய திரையில் முழு எண் மடங்காக விரிய வேண்டும். 1080 வரி கொண்ட 24 இன்ச் திரையில் பேக்மேனின் 288 வரிகளை விரித்தால் 3.75 மடங்கு. சில வரி மூன்று புள்ளி தடிமன், சில வரி நான்கு. மானிட்டருக்கு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தால், நீலச் சுவரின் ஒரு கோடு மெல்லியதாகவும் பக்கத்துக் கோடு தடித்தும் தெரியும். டியூப் போலக் கறுப்பு இடைவரி போடும் ஷேடரை (படத்தின் தோற்றத்தை மாற்றும் மென்பொருள்) சேர்த்தால் இந்தக் கோளாறு இன்னும் கூடும். திரை முழுக்கப் பட்டை பட்டையாக அலை விழும். மூன்று மடங்கோடு நிறுத்தினால் கோடு சுத்தமாகும், படம் 9.4 இன்ச் உயரத்துக்குக் குறுகிவிடும்.

2560க்கு 1440 கொண்ட 27 இன்ச்சை நெட்டுவாக்கில் திருப்பினால் அகலம் 1440. பேக்மேனின் 224ஐ ஆறு மடங்காக்கினால் 1344, உயரம் 1728. துல்லியமான ஆறு மடங்கு, மூலைக்கு மூலை 20 இன்ச். அசலைவிட ஒரு இன்ச் கூடுதல். இந்தக் கணக்கு வந்ததும் மற்றத் திரைகளின் மேல் ஆசை போய்விட்டது.

ஒரு மாற்று உண்டு. 1600க்கு 1200 கொண்ட 20.1 இன்ச் 4:3 மானிட்டர் பழைய சரக்கில் கிடைத்தால் விடக்கூடாது. 240 வரி ஆட்டங்கள் அதில் சரியாக ஐந்து மடங்கு. படுக்கை ஆட்டம் மட்டுமே ஆடுபவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது எல்சிடியில் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

அசல் டியூபையே போடுவதா என்பதையும் நேர்மையாக யோசிக்க வேண்டும். அழகு அதில்தான். ஆஸ்டராய்ட்ஸ் (1979) போன்ற கோட்டு ஆட்டங்களில் ஒளிக்கற்றையே கோடு இழுக்கும். குண்டு சுடும்போது அந்தப் புள்ளி கண்ணைக் குத்தும் அளவுக்குப் பிரகாசிக்கும். எல்சிடி அதைக் காட்டாது. ஆனால் ஆர்கேடு டியூபுக்கு 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் தேவை. சாதாரண கம்ப்யூட்டர் தருவது 31க்கு மேல். அதற்கென டிரைவரும் பொருந்தும் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். தவிர, கலர் டியூபின் ஆனோடில் (உயர் மின்னழுத்த முனை) 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் தங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் பின்மூடியைத் திறக்கவே கூடாது. இந்தப் பெட்டிக்கு எல்சிடி.

ஜூன் 15, சனி

மானிட்டரைக் கடையிலேயே சோதிக்க வேண்டியவை.

முதலில் பேனல், அதாவது எல்சிடித் தகட்டின் வகை: டிஎன், ஐபிஎஸ், விஏ. டிஎன் பேனலை நெட்டுவாக்கில் நிறுத்தவே வேண்டாம். மேலே கீழே பார்க்கும்போது நிறம் மாறுவது அதன் குணம்; திருப்பினால் அந்தக் கோளாறு இடம் வலமாக வந்துவிடும். இடது கண்ணுக்கு ஒரு கறுப்பு, வலது கண்ணுக்கு வேறு கறுப்பு. பக்கத்தில் நிற்பவருக்குப் படம் வெளுத்திருக்கும். ஐபிஎஸ் எடுக்கலாம். விஏ பேனலில் கறுப்பு இன்னும் ஆழம், ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும்போது சிலவற்றில் இழுவை தெரியும்; கேலகாவின் கறுப்பு வானத்தில் அது உறுத்தும்.

அடுத்தது பலரும் மறப்பது: மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகுங்கள். தானாக எரிய வேண்டும். சிவப்பு விளக்கோடு தூங்கிக் கிடந்தால் வேண்டாம். பெட்டிக்கு வெளியே ஒரே ஸ்விட்ச்தான் இருக்கும். மானிட்டர் பட்டனோ பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

ஜூன் 16, ஞாயிறு

வேகம். மோர்டல் காம்பாட் நொடிக்கு 54.7 படம் காட்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் நொடிக்கு ஐந்து முறை ஒரே படம் இரண்டு தடவை நிற்கும். பின்னணி நகரும்போது தடுக்கித் தடுக்கிப் போகும். பேக்மேன் 60.6, அதைத் திரைக்கு ஒத்துப்போகச் செய்தால் ஒரு சதவீதம் மெதுவாகும், கைக்குத் தெரியாது. ஃப்ரீசிங்க் (ஆட்டத்தின் வேகத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் வசதி) உள்ள மானிட்டர் 48லிருந்து 75 வரை ஏற்றுக்கொள்ளும் என்றால் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். எல்லையைப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் கீழ் எல்லை 56, அதில் மோர்டல் காம்பாட் அடங்காது.

பட்டன் அமுக்கியதிலிருந்து திரை மாறும் வரையான தாமதத்தை அளக்க, போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் போதும். விரலும் திரையும் ஒரே காட்சியில் வர வேண்டும். பட்டன் அமுங்கிய படத்திலிருந்து திரை மாறும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படம் 4.2 மில்லிசெகண்ட். இதில் பட்டன் போர்டு, எமுலேட்டர் (பழைய ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) தாமதமும் கலந்திருப்பதால் தனி எண்ணை நம்பக் கூடாது. அதே கம்ப்யூட்டர், அதே பட்டன், திரையை மட்டும் மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் திரையுடையது. டிவியை எடுத்தால் கேம் மோடு (தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) கட்டாயம். போனில் 12 படம் கூடினால் 50 மில்லிசெகண்ட், ஆட்டக் கணக்கில் மூன்று ஃபிரேம்.

ஜூன் 22, சனி

27 இன்ச், 1440, ஐபிஎஸ், நெட்டுவாக்கு. இனி பலகைக் கணக்கு.

பெட்டியின் வெளி அகலம் 610 எம்எம். 18 எம்எம் பிளைவுட் இரண்டு போனால் உள்ளே 574. மானிட்டரின் நீளப் பக்கமும் ஏறக்குறைய 610. படுக்கையாக இது நுழைந்தே இருக்காது. நெட்டுவாக்கில் 365 போக இரு பக்கமும் நூறு எம்எம்முக்குச் சற்று மேல் மிஞ்சும், கறுப்பு மவுண்ட் போர்டில் மறைக்கலாம். 20 டிகிரி சாய்த்தால் செங்குத்தாக 573, ஆழத்தில் 209 எடுக்கும். ஆட்டப் படம் போகத் திரையில் ஏழரை இன்ச் காலி. அதைக் கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னே கீழேயும் ஸ்பீக்கர் பலகைக்குப் பின்னே மேலேயும் புதைக்க வேண்டும்.

வெசா துளை (மானிட்டரை மாட்ட அதன் முதுகில் உள்ள நான்கு துளை) 100க்கு 100 எம்எம், எம்4 ஸ்க்ரூ. 12 எம்எம் பலகை, ஒரு எம்எம் வாஷர், 20 எம்எம் ஸ்க்ரூ என்றால் உள்ளே 7 எம்எம் இறங்கும். 30 எம்எம் போட்டால் நுனி உள்ளே உள்ள போர்டைக் குத்தும். பலகையில் வட்டத் துளைக்குப் பதில் 20 எம்எம் நீளப் பள்ளம் வெட்டுங்கள். சில மானிட்டர்களில் வெசா துளை நடுவில் இருக்காது. படத்தை மேலே கீழே நகர்த்திப் பார்க்க இடம் வேண்டும்.

முன்னால் தெளிந்த 3 எம்எம் அக்ரிலிக். புகைநிறம் வேண்டாம், எல்சிடியின் வெளிச்சத்தைத் தின்றுவிடும். பின்கதவின் மேல்பகுதியில் 120 எம்எம் ஃபேன், கீழே காற்று வர அதே பரப்புக்குத் துளை. நாளை பக்கப் பலகை அறுப்பு.