எலும்பு கரைவதை எப்படி அளப்பது?

ஜூலை 8, திங்கள்

முதுகலை விலங்கியல் வகுப்பில் இந்த வாரம் எலும்பு. வளர்ந்து முடிந்ததும் எலும்பு அப்படியே நின்றுவிடும் என்றுதான் பிள்ளைகள் பலரும் நினைத்திருந்தார்கள். 1935-இல் ஹெவெசி, சீவிட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளுக்குப் பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்துப் பார்த்த கதையைச் சொன்னேன். வளர்ந்த எலியின் எலும்புக்குள்ளும் அது புகுந்தது, பிறகு மெல்ல வெளியேறவும் செய்தது.

ஜூலை 9, செவ்வாய்

எலும்பைக் கரைக்கும் செல்லான ஆஸ்டியோகிளாஸ்டுக்கு வந்தோம். அது எவ்வளவு கரைத்தது என்று எப்படி அளப்பது? எலும்புத் துண்டைப் போட்டு வளர்க்கும் திரவத்தில் ஏற்கெனவே கால்சியம் இருக்கிறது. எலும்பிலிருந்து வந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஒரு லோடு மூட்டைகளுக்கு மட்டும் சாயக்குறி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றதும் பிடித்துக்கொண்டார்கள். இங்கே அந்தக் குறி கால்சியம்-45 என்ற கதிரியக்கக் கால்சியம்.

லாரன்ஸ் ரெய்ஸ் 1965-இல் வெளியிட்ட முறை இது: சினை எலிக்குக் கால்சியம்-45 ஊசி போட்டு, மறுநாள் கருக்குட்டிகளின் முன்னங்கால் எலும்பை எடுத்துத் திரவத்தில் வளர்ப்பார்கள். சில நாள் கழித்து, திரவத்துக்கு வந்த கதிரியக்கம் எவ்வளவு, எலும்பில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 163 நாள் என்பதால் சோதனைக்குள் குறி மங்கிவிடாது.

ஜூலை 10, புதன்

ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வரும் மாணவி கேட்டாள்: "செல்லே இல்லாட்டியும் கொஞ்சம் கால்சியம் தானா வெளியே வருமே, மேடம்?"

வரும். எலும்பில் இருக்கும் கால்சியமும் திரவத்தில் இருக்கும் கால்சியமும் சும்மாவே இடம் மாறிக்கொள்ளும். அதனால்தான் செல்களைக் கொன்ற எலும்பு ஒன்றையும் பக்கத்திலேயே வைப்பார்கள். அதிலிருந்து வருவதைக் கழித்தால்தான் உயிருள்ள செல்லின் வேலை தெரியும். இந்த முழுச் சோதனையிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் செத்த எலும்புதான். அது இல்லாத எண்ணை நான் நம்பமாட்டேன். பாடப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது வருத்தமாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

கால்சியம் போனால் மட்டும் எலும்பு அழிந்துவிடாது, எலும்பின் புரதமான கொலாஜனும் அறுபட வேண்டும். அதைப் பின்தொடர, கொலாஜனில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றிக் கொடுப்பார்கள். ஆஸ்டியோகிளாஸ்ட் முதலில் அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கும், அப்புறம் கேதெப்சின் கே நொதி கொலாஜனை வெட்டும்.

பாட்டிக்கு எடுத்த எலும்பு ஸ்கேனும் இதுதானா என்று ஒருவன் கேட்டான். இல்லை. அதில் போடுவது டெக்னீசியம்-99எம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள், அரை ஆயுள் 6 மணி நேரம். புது எலும்பு உருவாகும் இடத்தில்தான் அது அதிகம் சேரும். அதன் காமாக் கதிரை உடம்புக்கு வெளியிலிருந்தே படம் பிடிக்கலாம். கால்சியம்-45 விடும் பீட்டாக் கதிருக்கு அவ்வளவு தூரம் வரத் தெம்பில்லை.

அடுத்த திங்களன்று பாடம், இரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோன். எலும்புத் துண்டில் அதைச் சேர்த்தால் கால்சியம்-45 கூடுதலாக வெளியே வருகிறது. ஆனால் ஆஸ்டியோகிளாஸ்டைத் தனியாகப் பிரித்து வைத்தால், அதே ஹார்மோனுக்கு அது அசைவதில்லை. பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் இருக்க வேண்டும். எலும்பைக் கட்டும் செல்தான் கரைக்கும் செல்லுக்கு ஆணை கொடுக்கிறது என்பதை அவர்களே யோசித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.