மறையாக்கிய நினைவகத்துக்குள் நேரடிச் சாதனம்: நாட்குறிப்பு

3 நவம்பர் 2025, திங்கள்

ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்களை வாடகை சர்வர் ஒன்றில் வைத்து ஆய்வு செய்வதற்கான அமைப்பை இந்த மாதத்துக்குள் முடித்துத் தர வேண்டும். சர்வரை நடத்துகிறவர்களின் கண்ணில்கூட அந்தப் படங்கள் பட்டுவிடக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே ஏஎம்டி எபிக் மிலன் செயலியில், எஸ்இவி என்னும் பாதுகாப்பு வரிசையின் எஸ்இவி-எஸ்என்பி (சுருக்கமாக எஸ்என்பி) வசதியைக் கொண்டு நினைவகத்தை மறையாக்கிய (என்கிரிப்ட் செய்த) மெய்நிகர் கணினி, அதாவது கெஸ்ட் ஒன்றை எழுப்பி, அதற்கு ஒரு என்விஎம்இ வட்டையும் என்விடியா எச்100 கணிப்பு அட்டையையும் பாஸ்த்ரூ முறையில், அதாவது நேரடியாக ஒப்படைப்பதென்று முடிவாகியிருக்கிறது.

இவ்விரண்டு தேவைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. பாஸ்த்ரூவின் பயனே, மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசரின் தலையீடு இல்லாமல் சாதனம் கெஸ்டின் நினைவகத்தை டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) வழியாகத் தானே படித்து எழுதுவதில் இருக்கிறது. எஸ்இவியிலோ ஒவ்வொரு கெஸ்டுக்கும் தனிச் சாவி உண்டு. அது செயலிக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. பக்க அட்டவணையில் சி-பிட் என்னும் மறையாக்கக் குறி இடப்பட்ட நினைவகத் துண்டுகளை, அதாவது தனிப் பக்கங்களை, நினைவகக் கட்டுப்படுத்தி அந்தச் சாவியால் பூட்டியும் திறந்தும் தருகிறது. வெளியிலிருந்து வரும் சாதனத்துக்கு அந்தச் சாவியின் பயன் கிட்டாது. தனிப் பக்கத்தை அது படித்தால் மறையாக்கிய குப்பையே கிடைக்கும்; எழுத முயன்றால், எந்தப் பக்கம் யாருக்குச் சொந்தம் என்று குறித்துவைத்திருக்கும் ஆர்எம்பி அட்டவணையைப் பார்த்து, சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ மறுத்துவிடும்.

5 நவம்பர் 2025, புதன்

கெஸ்டைத் தாங்கும் இயந்திரமான ஹோஸ்டைத் தயார்செய்யும் நாள். 256 ஜிபி நினைவகம் உள்ள இயந்திரத்தில் ஆர்எம்பி அட்டவணைக்கு மட்டும் ஏறத்தாழ 1 ஜிபி போகிறது. 4 கேபி பக்கம் ஒவ்வொன்றுக்கும் 16 பைட் பதிவு என்பதால் வரும் கணக்கு இது. வேகத்துக்காக ஐஓஎம்எம்யூவை அடையாள முறையில், அதாவது முகவரி மாற்றம் செய்யாமல் ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி ஓட்டினால் எஸ்என்பியை இயக்க முடியாது என்று லினக்ஸ் கெர்னல் வெளிப்படையாக எச்சரித்து அதை அணைத்துவிடுகிறது. இது சரியான கண்டிப்பு. சாதனங்களின் டிஎம்ஏவைச் சோதிக்கும் காவல் ஐஓஎம்எம்யூவிடம்தான் இருக்கிறது.

கெஸ்டை இயக்கும் மென்பொருளான க்யூஎமுவின் பதிப்பைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எஸ்என்பி கெஸ்டின் தனிப் பக்கங்கள் இப்போது கெஸ்ட்-மெம்எஃப்டி என்னும் தனிக் கிடங்கில் இருக்கின்றன. ஹோஸ்டும் சாதனமும் பார்க்கக்கூடிய, கெஸ்டின் சாவியால் பூட்டப்படாத பொதுப் பக்கங்கள் வழக்கமான நினைவகத்தில் இருக்கின்றன. கெஸ்ட் ஒரு பக்கத்தைப் பொதுவிலிருந்து தனிக்கு மாற்றும்போது பழைய பொது நகலை ஹோஸ்ட் விட்டுவிடும். ஆனால் சாதனத்தைக் கெஸ்டுக்கு ஒப்படைக்கும் கெர்னல் பகுதியான விஎஃப்ஐஓ அந்த நகலை ஐஓஎம்எம்யூவில் பொருத்தி, அசையாமல் பிடித்துவைத்திருக்கும். விட்ட பக்கத்தைச் சாதனம் இன்னும் தன்னுடையதென்று எண்ணிக்கொண்டிருக்கும் ஆபத்தால், இவ்விரண்டையும் சேர்த்து இயக்குவதை க்யூஎமு முன்பு தடுத்தே வைத்திருந்தது. 10.1 பதிப்பில் பக்கத்தின் நிலை மாறும்போதெல்லாம் விஎஃப்ஐஓவுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வந்துவிட்டதால், பொதுவாக இருக்கும் பக்கங்கள் மட்டுமே சாதனத்தின் பார்வையில் இருக்கின்றன.

8 நவம்பர் 2025, சனி

கெஸ்ட் எழுந்தது. நினைவக மறையாக்க வசதிகளாக எஸ்இவி, எஸ்இவி-இஎஸ், எஸ்இவி-எஸ்என்பி மூன்றும் இயங்குகின்றன என்று கெர்னல் பதிவில் ஒரு வரி. அதன் அருகிலேயே இன்னொரு வரி: பவுன்ஸ் பஃபரின் (இடைத்தங்கல் பரப்பின்) அளவு 983 எம்பி ஆக மாற்றப்பட்டது. கெஸ்டுக்கு நான் கொடுத்திருந்தது 16 ஜிபி. அதில் 6 சதவீதம் இது. வழக்கமாக 64 எம்பி மட்டும் ஒதுக்கும் கெர்னல், எஸ்இவி கெஸ்ட் என்று தெரிந்ததும் 1 ஜிபி வரம்புக்குள் இவ்வளவு எடுத்துக்கொள்கிறது. சி-பிட் நீக்கிப் பொதுவாக்கப்பட்ட இந்தப் பரப்பே சாதனமும் கெஸ்டும் சந்திக்கும் திண்ணை. வட்டிலிருந்து வருவது முதலில் இங்கே இறங்கும். பிறகு செயலி அதைத் தனிப் பக்கத்துக்கு நகல் எடுக்கும். எழுதும்போது திசை மாறும். வட்டு நேரடியாக ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், தரவு ஒருமுறை கூடுதலாகக் கைமாறியே தீர வேண்டும்.

வட்டின் வரிசைக்கு ஒரு கோரிக்கையின் உச்ச அளவு என்ன என்று பார்த்தேன்: 252 கேபி. அதே வட்டை மறையாக்கம் இல்லாத கெஸ்டில் பொருத்தியபோது எண் இதைவிடப் பெரிதாக இருந்தது. பவுன்ஸ் பஃபர் 2 கேபி துண்டுகளால் ஆனது. தொடர்ச்சியாக 128 துண்டுகளுக்கு மேல் ஒரே கோரிக்கைக்குத் தராது. அதனால் வரும் 256 கேபியில், என்விஎம்இ டிரைவர் கேட்கும் 4 கேபி ஒழுங்கமைப்புக்கு இடம் விட்டதுபோக மீதி இது. தொடர்ச்சியான பெரிய வாசிப்புகளில் செயலியின் நேரத்தை நகலெடுக்கும் வேலை கணிசமாகத் தின்கிறது. சிறு வாசிப்புகளில் அவ்வளவு தெரியவில்லை.

12 நவம்பர் 2025, புதன்

பவுன்ஸ் பஃபரை வேகத்தின் விலையாக மட்டும் பார்ப்பது போதாது. 2019 இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வெளியான ஆய்வு ஒன்று, எஸ்இவியின் முதல் தலைமுறையில் இந்த நகலெடுப்பையே கருவியாக்கிக் காட்டியது. வெளியே அனுப்ப வேண்டிய தரவைக் கெஸ்ட் தனிப் பக்கத்திலிருந்து பொதுப் பரப்புக்கு நகல் எடுக்கும் முன், தீய ஹைப்பர்வைசர் அந்தத் தனிப் பக்கத்தின் மறையாக்கிய உள்ளடக்கத்தைத் தான் அறிய விரும்பும் வேறொரு பகுதியின் உள்ளடக்கத்தால் மாற்றிவிடும். கெஸ்ட் தன் சாவியாலேயே அதைத் திறந்து பொதுவில் கொண்டுவந்து வைத்துவிடும். எதிர்த்திசையில், ஹைப்பர்வைசர் அனுப்பும் தரவைக் கெஸ்டே தன் சாவியால் பூட்டித் தரும். எஸ்என்பியில் தனிப் பக்கத்தில் ஹோஸ்ட் எழுதுவதையே ஆர்எம்பி மறுப்பதால் இந்த வழி அடைபட்டது. எஸ்என்பி இல்லாத பழைய இயந்திரத்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று நான் வற்புறுத்தியதற்கு இதுவே காரணம்.

மீதமிருப்பது, பொதுப் பரப்பில் வைக்கப்படும் தரவை ஹோஸ்ட் படிக்கலாம், மாற்றலாம் என்னும் நிலை. அங்கே தெளிந்த தரவை வைக்கவே கூடாது. கெஸ்டுக்குள் டிஎம்-கிரிப்ட் கொண்டு வட்டு முழுவதையும் மறையாக்கி, தரவு மாற்றப்பட்டால் காட்டிக்கொடுக்கும் டிஎம்-இன்டெக்ரிட்டியையும் சேர்த்தேன். இப்போது திண்ணைக்கு வருவது ஏற்கெனவே பூட்டிய தரவு. வட்டின் சாவி கெஸ்டின் படிமத்தில் இல்லை; கெஸ்டின் நிலையைச் சொல்லிச் செயலி கையொப்பமிட்ட சான்றறிக்கையை எங்கள் சாவிச் சேவை சரிபார்த்த பிறகே அது வருகிறது. ஒரு செக்டரின் (வட்டின் சிறு பகுதியின்) பழைய பதிப்பை ஹோஸ்ட் திரும்ப வைத்தால் இந்த ஏற்பாடு கண்டுபிடிக்காது. அதனால் படங்களின் ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) பட்டியலை மருத்துவமனையே வைத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன்.

13 நவம்பர் 2025, வியாழன்

சாதனங்களோடு பேசும் கெஸ்டின் டிரைவர் நிரல்களைப் பற்றிச் சிறு குறிப்பு. சாதனம் சொல்வதை நம்பி எழுதப்பட்டவை அவை. இங்கே சாதனமாக நடிப்பது ஹோஸ்டாகவும் இருக்கலாம். என்விஎம்இ டிரைவர், கட்டளை எண்ணின் 16 பிட்டுகளில் 4 பிட்டைத் தலைமுறை எண்ணாக வைத்து, பொய்யான நிறைவு அறிவிப்புகளைப் பெரும்பாலும் தள்ளிவிடுகிறது. தவறிழைக்கும் வன்பொருளுக்காகச் சேர்த்தது இங்கேயும் உதவுகிறது. தேவையில்லாத டிரைவர்கள் அனைத்தையும் கெஸ்டின் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டேன்.

18 நவம்பர் 2025, செவ்வாய்

வட்டுக்குத் தரவின் பொருள் தெரிய வேண்டியதில்லை. பூட்டிய பெட்டியை வாங்கிப் பூட்டிய பெட்டியாகவே திருப்பித் தந்தால் போதும். நெட்வொர்க் அட்டையும் அப்படித்தான், டிஎல்எஸ் என்னும் இணைய மறையாக்கம் இருந்தால் போதும். எச்100 அட்டையோ படத்தைத் திறந்து பார்த்தால்தான் கணக்கிட முடியும். சுமந்து செல்லும் சாதனத்தை நம்பாமலே வேலையை முடித்துவிடலாம். கணக்கிடும் சாதனத்தை நம்பியே ஆக வேண்டும், ஆகவே நம்புவதற்கான சான்றைக் கேட்டே ஆக வேண்டும். இந்த மாதம் முழுவதும் நான் எடுத்த முடிவுகள் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

அட்டையை ரகசியக் கணிப்பு முறைக்கு மாற்றி ரீசெட் செய்தால், ஹோஸ்ட் அதன் நினைவகத்தை எட்டிப்பார்க்கும் வழிகள் அடைபடுகின்றன. கெஸ்டுக்குள் இருக்கும் டிரைவர் சாதனத்தின் அடையாளத்தைச் சரிபார்க்கும் எஸ்பிடிஎம் நெறிமுறையில் அட்டையோடு பேசி, இருவருக்கும் மட்டும் தெரிந்த சாவிகளை உருவாக்கிக்கொள்கிறது. அதன் பிறகு தரவு ஏஇஎஸ்-ஜிசிஎம் மறையாக்க முறையில் பூட்டப்பட்டுப் பொதுப் பரப்பில் வைக்கப்படுகிறது. அட்டை அதை எடுத்துத் தனக்குள் திறக்கிறது. அட்டையின் எச்பிஎம் நினைவகம் மறையாக்கப்படுவதில்லை. சிப்போடு ஒரே உறைக்குள் இருப்பதால் அது நம்பகமான எல்லைக்குள் சேர்க்கப்படுகிறது. இதை மருத்துவமனைக்கான ஆவணத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

பூட்டும் வேலையைச் செய்வது கெஸ்டின் செயலி. படங்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் பெரிய தொகுதிகளாகச் சேர்த்து அனுப்பும்படி நிரலை மாற்றியதும் காத்திருப்பு நன்றாகக் குறைந்தது. இந்த முறையில் கெஸ்ட் 'தயார்' என்று குறிக்கும் வரை அட்டை எந்தக் கணக்கையும் ஏற்காது. அட்டையின் சான்றறிக்கை சரிபார்க்கப்பட்ட பிறகே அந்தக் குறி இடப்படும்படி தொடக்க வரிசையை அமைத்தேன். சோதனைக்காகச் சரிபார்ப்பைத் தோல்வியடைய வைத்தபோது அட்டையைப் பயன்படுத்தும் கூடா (CUDA) நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது, வட்டும் திறக்கப்படவில்லை.

24 நவம்பர் 2025, திங்கள்

அடுத்த தலைமுறைக்கான திட்டத்தை எழுதினேன். பிசிஐஇ தரத்தை வகுக்கும் பிசிஐ-சிக் அமைப்பின் டிடிஐஎஸ்பி நெறிமுறையில், சாதனத்தின் அமைப்பு முதலில் பூட்டப்படும். கெஸ்ட் அதன் சான்றைப் பார்த்து ஏற்ற பிறகே அது இயங்கும் நிலைக்குச் செல்லும். யாராவது அமைப்பில் கைவைத்தால் பிழை நிலைக்கு விழுந்துவிடும். சாதனத்தைச் செயலியோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பை ஐடிஇ என்னும் வசதி மறையாக்கும். ஏஎம்டி இதற்கு வைத்திருக்கும் பெயர் எஸ்இவி-டிஐஓ. இன்டெலின் பக்கம் டிடிஎக்ஸ் கனெக்ட். அப்படி ஏற்கப்பட்ட சாதனம் தனிப் பக்கங்களிலேயே டிஎம்ஏ செய்யலாம். பவுன்ஸ் பஃபரும் நகலெடுப்பும் போய்விடும். கணிப்பு அட்டைக்கு இது பெரிய விடுதலை.

வட்டுக்கு அவ்வளவு மாறாது. ஐடிஇ இணைப்பில் போகும் தரவைக் காக்கும். ஃபிளாஷ் சில்லுகளில் தங்கிய தரவை அது தொடுவதில்லை. வட்டைக் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய இடத்தில் சர்வர் இருக்கும் வரை, டிடிஐஎஸ்பி வந்தாலும் டிஎம்-கிரிப்ட் அடுக்கு அப்படியே இருக்கும் என்று திட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்.